ஷீட்டு ஒட்டறதுக்கு முன்னாடி ஓட்டையை அடைங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கெழமை உங்க பேப்பர்ல வாகனப் பக்கத்துல காருக்குள்ள சத்தம் வராம பண்றது எப்படின்னு ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல லோடு ஏத்திக்கிட்டு இருக்கும்போது வண்டிக்குள்ளயே உக்காந்து ரெண்டு தடவை படிச்சேன். எழுதினவரை குறை சொல்லல, நல்லாத்தான் எழுதியிருக்கார், ஆனா அது முழுக்க சொந்தக் கார் வச்சிருக்கறவங்களுக்கு, கதவைக் கழட்டு ஷீட்டை ஒட்டு, தரையில ஒட்டு, டிக்கியில ஒட்டு, பாட்டு கேக்க சொகமா இருக்கும்னு முடிச்சுட்டார். என்னை மாதிரி 2009 மாடல் டீசல் பிக்கப் ஓட்டறவன் அதை அப்படியே செஞ்சா காசுதான் போகும், சத்தம் அங்கயேதான் உக்காந்திருக்கும். நான் காசு விட்டவன், அதனாலதான் எழுதறேன்.

எனக்கு சத்தம் ஒரு பிரச்சனைன்னே ரொம்ப வருசம் தெரியாதுங்க. லோடு வண்டின்னா சத்தம் வரத்தான செய்யும், மாட்டு வண்டில போனா சாணி நாத்தம் வரத்தான செய்யும்ங்கிற மாதிரி. வீட்ல டிவி சவுண்டை ஏத்தி ஏத்தி வச்சதுல வீட்டுக்காரம்மா ஒருநாள் ரிமோட்டை ஒளிச்சு வச்சுட்டாங்க. ராத்திரி படுத்தா வலது காதுக்குள்ள கொய்ங்னு ஒரு சத்தம், கொசுவோன்னு எந்திரிச்சு லைட்டு போட்டுக்கூட பாத்திருக்கேன். அப்புறம்தான் காது டாக்டரம்மாகிட்ட போனது. ஒரு பொட்டி மாதிரி ரூம்ல உக்கார வச்சு ஹெட்போன் மாட்டி டெஸ்ட் எடுத்தாங்க, தாள்ல ஒரு கோடு வந்துச்சு, நேரா வந்துக்கிட்டு இருந்த கோடு 4000 ஹெர்ட்ஸ் கிட்ட வந்ததும் கெணத்துக்குள்ள விழுந்த மாதிரி எறங்கி மறுபடி ஏறுது. அதைக் காட்டி டாக்டரம்மா கேட்ட மொதக் கேள்வி, "மில்லுல வேலை பாக்கறீங்களா, டிரைவரா?" அந்த எடத்துல பள்ளம் விழுந்தா பெரும்பாலும் சத்தத்துல வேலை பாக்கற காதாம். வலது பக்கம் அதிகமா இருக்கறதுக்கு காரணம் கேக்கவே வேணாம், ஜன்னல் அந்தப் பக்கம்தான, கண்ணாடியை எறக்கி விட்டுக்கிட்டு கையை வெளிய போட்டுக்கிட்டு ஓட்டினதுக்கு கூலி.

அவங்க சொன்ன ஒரு கணக்கு எனக்கு இப்பவும் மனசுல நிக்குது. 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம் காது தாங்கும், 88 ஆச்சுன்னா 4 மணி நேரம்தான், 91 ஆச்சுன்னா 2 மணி நேரம். மூணு மூணா கூட ஏறினா நேரம் பாதி பாதியா கொறையுது. இது அமெரிக்காவுல தொழிலாளர் உடம்புக்குன்னு இருக்கற நையாஷ்ங்கிற நிறுவனம் போட்ட கணக்காம், நம்ம நாட்டு ஃபேக்டரி விதியில 8 மணி நேரத்துக்கு 90 வரைக்கும் விடறாங்களாம். சரி, ஃபேக்டரின்னா கேக்கறதுக்கு ஒரு விதியாவது இருக்கு. பழனி உடுமலை பொள்ளாச்சி வழியா கோபாலபுரம் தாண்டி பாலக்காடு போய் எறக்கிட்டு திரும்பி வர ஏழெட்டு மணி நேரம் ஆகுது, அந்த ஏழெட்டு மணி நேரமும் என்னோட ஃபேக்டரி அந்த கேபின்தான், அதுக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார். வருசா வருசம் வண்டி ஓடத் தகுதியா இருக்குன்னு எஃப்சி காட்டப் போறோம், பிரேக்கு லைட்டு புகை ஒளிர்ற ஸ்டிக்கர் எல்லாம் பாப்பாங்க, உள்ள உக்காந்து ஓட்டறவன் காது எப்படி இருக்குன்னு பாக்கறதுக்கு ஃபாரத்துல கட்டம் கெடையாது.

சரி விசயத்துக்கு வர்றேன். டாக்டர்கிட்ட போயிட்டு வந்த சூட்டுல ஒரு ஆக்சஸரீஸ் கடையில கேட்டேன், முழு கேபினுக்கும் 28,000 சொன்னாங்க. அந்த வண்டியை விக்கப் போனாலே எவ்வளவு கெடைக்கும்னு யோசிச்சுட்டு வெளிய வந்துட்டேன். அடுத்து நானே பண்றேன்னு மொட்டை மாடிக்கு ஒட்டற தார் ஷீட்டு ஒரு ரோல் வாங்கி தரையிலயும் கதவுலயும் ஒட்டினேன், ஒட்டினது தை மாசம், அப்ப நல்லாத்தான் இருந்துச்சு. கத்திரி வெயில் வந்துச்சு பாருங்க, இன்ஜின் சூடு ஒரு பக்கம் ரோட்டு சூடு ஒரு பக்கம், ஷீட்டு இளகி செருப்புல ஒட்டுது, கேபினுக்குள்ள ரோடு போடற எடத்துல நிக்கற மாதிரி நாத்தம், தலைவலி. பட்டறையில குடுத்து சொரண்டி எடுக்க ரெண்டு நாள் கூலி, ரெண்டு நாள் வாடகை போச்சு. தார் ஷீட்டு கட்டடத்துக்கு, வண்டிக்கு பியூட்டைல் ரப்பர் ஷீட்டு, மேல அலுமினியத் தாள் ஒட்டினது. ரெண்டும் கறுப்பாத்தான் இருக்கும், வெலையைப் பாத்து ஏமாந்துடாதீங்க.

அதுக்கப்புறம் ஒரு நாமக்கல் நண்பர், பாடி கட்டற பட்டறை வச்சிருக்கறவர், சிரிக்காம சொன்னார், எங்க ஊர்ல முட்டை அட்டை சும்மா கெடைக்கும், கூரைக்குள்ள ஒட்டிடுங்க, ஸ்டுடியோவுல எல்லாம் அதான்னு. ஒட்டியும் பாத்தேன், ஏன் பொய் சொல்லணும். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்ல. பாலிடெக்னிக்ல படிக்கற எங்க அக்கா பையன்தான் அப்புறம் ஒக்காந்து கணக்கு போட்டுக் காட்டினான், "மாமா, உங்க இன்ஜின் நாலு சிலிண்டரு, நிமிசத்துக்கு 2000 சுத்து ஓடுது, ஒரு சுத்துக்கு ரெண்டு வெடி, அப்ப செகண்டுக்கு 66 வெடி, அந்த உம்ம்முனு வர்ற சத்தம் அதுதான், அந்த அலையோட நீளம் 5 மீட்டர், கிட்டத்தட்ட உங்க வண்டி நீளம், அதைப் போய் ரெண்டு இஞ்ச் முட்டை அட்டையை வச்சு நிறுத்தறீங்களே"ன்னான். எனக்கு கோவம் வந்துச்சு, ஆனா பையன் சொன்னது சரி. ஃபோமும் அப்படித்தான், மெலிசான ஸ்பாஞ்சு கீச்சு கீச்சுனு வர்ற சத்தத்தை கொஞ்சம் குடிக்கும், இந்த உம்ம்ம்மை ஒண்ணும் பண்ணாது.

அவன்தான் அன்னைக்கு ராத்திரி எனக்கு கண்ணைத் தொறந்து விட்டது. எட்டு மணி இருக்கும், தெருவுல கரண்ட் வேற இல்ல. பானட்டைத் தூக்கிட்டு அவன் டார்ச்சோட இன்ஜின் பக்கம் நின்னுக்கிட்டான், நான் கேபினுக்குள்ள கால் வைக்கற எடத்துல தலையைக் குடுத்து குப்புறப் படுத்துக்கிட்டேன், மேட்டெல்லாம் எடுத்தாச்சு. அவன் டார்ச்சை நகத்த நகத்த, இன்ஜினுக்கும் நமக்கும் நடுவுல இருக்கற தகரத்துல ஒண்ணொண்ணா வெளிச்சம் எட்டிப் பாக்குது. ஸ்டீரிங் கம்பி எறங்கற எடத்துல பெறை மாதிரி ஒரு வெளிச்சம். கிளட்ச் ஒயர் போற ஓட்டையில ரப்பர் வளையமே இல்ல, எந்தக் காலத்துல எவன் கழட்டினானோ. முன்னாடி ஓனர் ஹாரனுக்கு ஒயர் இழுக்க ஒரு ஓட்டை போட்டு, அப்புறம் ஃபேனுக்கு ஒண்ணு, பாட்டுப் பொட்டிக்கு ஒண்ணு, ஒரு ஓட்டையில என் சுண்டு விரல் போகுது. கியர் லீவர் அடியில இருக்கற ரப்பர் பூட்டு கிழிஞ்சு வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கு, அதுக்குள்ள பாத்தா தரை தெரியுது சார், எங்க வீட்டு வாசல் கோலம் தெரியுது. சாக்பீஸ்ல வட்டம் போட்டுக்கிட்டே வந்தேன், மொத்தம் பதினோரு வட்டம். இத்தனை ஓட்டையை வச்சுக்கிட்டு நான் கதவுல ஷீட்டு ஒட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

தண்ணி மாதிரிதாங்க சத்தமும், சந்து கெடைச்சா போதும். நூத்துல ஒரு பங்கு தொறந்து கெடந்தா மீதி 99 பங்கை எவ்வளவு கெட்டியா அடைச்சாலும் 20 டெசிபலுக்கு மேல கொறையாதுங்கறது கணக்கு. கொடத்துல ஒரு ஓட்டை இருந்தா கொடம் தங்கமா இருந்து என்ன, மண்ணா இருந்து என்ன.

பதினோரு ஓட்டையையும் அடைச்ச செலவு 700 ரூவாய்க்கு உள்ள. ஒயர் போற எடத்துக்கெல்லாம் குரோமெட்ங்கிற ரப்பர் வளையம், சும்மா கெடந்த ஓட்டைக்கு ரப்பர் மூடி, கியர் லீவருக்கு புது பூட்டு, ஸ்டீரிங் கம்பி கிட்ட ரப்பர் துண்டை வெட்டி வளைச்சு வச்சது, அவ்வளவுதான். கதவு பீடிங், அதாவது கதவைச் சுத்தி ஓடற ரப்பர் பட்டை, நல்லா இருக்கான்னு பாக்கறதுக்கு ஒரு வழி இருக்கு, ஆசிரியர் கோச்சுக்காதீங்க, உங்க பேப்பரைத்தான் கிழிச்சேன். ரெண்டு விரக்கட்டை அகலத்துக்கு ஒரு துண்டு கிழிச்சு கதவு எடுக்குல வச்சு கதவைச் சாத்திட்டு இழுக்கணும், கிழியற மாதிரி இறுக்கமா வந்தா பீடிங் உயிரோட இருக்கு, வெண்ணெய்ல முடி உருவற மாதிரி வந்தா செத்துப்போச்சு. என் டிரைவர் பக்கத்துக் கதவுல மேல் மூலை முழுக்க செத்துப்போயிருந்துச்சு. புது பீடிங் போட்டு, கதவு கீழுக்கு எறங்கியிருந்ததை கீல் கிட்ட தூக்கி வச்சதும் கதவு சாத்தற சத்தமே மாறிப்போச்சு. முன்னாடி தகர டப்பாவை ஒதைச்ச மாதிரி இருக்கும், இப்ப பொத்துனு ஒரு சத்தம்.

அடுத்தது ஆட்டம். பழைய வண்டியில பாதிச் சத்தம் வெளிய இருந்து வர்றது இல்ல, வண்டியே ஆடிக்கிட்டு போடறது. இன்ஜினைத் தாங்கற மவுண்டிங் ரப்பர் நசுங்கிப்போனா இன்ஜின் அதிர்றது நேரா சேஸ்க்கும் கேபினுக்கும் எறங்குது, அதுக்கு மேல நீங்க தங்கத்துல ஷீட்டு ஒட்டினாலும் சீட்டு நடுங்கத்தான் செய்யும். அதை மாத்த மெக்கானிக் அண்ணன் கூலியோட 2,200 வாங்கினார், மொத்தத்துல உருப்படியா போன காசு அதுதான்னு சொல்வேன். சைலன்சர் ஜாயிண்ட்ல புகை கசியுதான்னு அப்பவே பாத்துக்கோங்க, அது சத்தம் மட்டும் இல்ல, அந்த புகை கேபினுக்குள்ள வந்தா உசுருக்கே ஆபத்து. பின்னாடி பாடியில சங்கிலி, கொக்கி, தார்ப்பாய் கட்டற வளையம், ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஒண்ணொண்ணும் ஒரு ஜால்ரா. பழைய சைக்கிள் டியூப்பை நீட்டா வெட்டி சங்கிலிலயும் கொக்கிலயும் சுத்தி விட்டேன், ஜாக்கியை கோணியில சுத்தி சீட்டுக்குப் பின்னாடி கட்டினேன். காலி வண்டியில திரும்பி வரும்போது கலகலகலன்னு ஒரு கல்யாண வீட்டுப் பாத்திரக் கடை என் பின்னாடியே வரும், அது நின்னுச்சு.

இதெல்லாம் முடிச்சப்புறம்தான் ஷீட்டு. ஷீட்டு சத்தத்தைத் தடுக்கற சுவர்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, கடைக்காரங்களும் அப்படித்தான் சொல்லி விக்கறாங்க, அது இல்ல. கோயில் மணியை அடிச்சுட்டு கையை வச்சா என்ன ஆகும், அடங்குதுல்ல, அந்த வேலையைத்தான் பியூட்டைல் ஷீட்டு பண்ணுது, தகரம் அதிர்ற அதிர்வை உள்ள வாங்கி சூடா மாத்தி விட்டுடுது. அதனால முழுத் தகரத்தையும் மூட வேண்டிய அவசியமே இல்ல, ஒரு பேனல்ல நடுவுல கால்வாசி, மிஞ்சினா மூணுல ஒரு பங்கு ஒட்டினா போதும். எங்க ஒட்டறதுன்னு தெரிய விரல் முட்டியால தட்டணும், டங்ங்னு இழுக்கற எடத்துல ஒட்டணும், ஏற்கனவே டப்னு அடங்கற எடத்துல ஒட்டினா காசு தெண்டம். மண்ணெண்ணெய் இல்லாம ஸ்பிரிட் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகத் தொடைச்சுட்டு, ஒட்டினதுக்கு அப்புறம் உருளையால அழுத்தி அழுத்தி அந்த அலுமினியத்துல இருக்கற புடைப்பெல்லாம் தட்டையாகற வரைக்கும் உருட்டணும், இல்லன்னா காத்து நின்னு ஒரு மழைக்கு உரிஞ்சுக்கிட்டு வந்துடும்.

கூரைக்கு மட்டும் ஷீட்டு மேல மூடின செல் ஃபோம் ஒட்டினேன், தண்ணி குடிக்காத வகை. இது சத்தத்துக்குன்னு ஒட்டினது, சூட்டுக்குத்தான் அதிகமா உதவுச்சு. மழை பெஞ்சா முன்னாடி தகரக் கொட்டாய்க்குள்ள உக்காந்த மாதிரி படபடன்னு இருக்கும், இப்ப மழையும் பெய்யுதான்னு வைப்பரைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன். தரைக்கு கனமான வினைல் மேட்டு, ஒரு சதுர மீட்டர் 5 கிலோ வரும். இந்த எடத்துல மட்டும் கனம்தான் வேலை செய்யுது, ஃபோம் இல்ல. எடை ஏறுதேன்னு யோசிக்கறவங்களுக்கு சொல்றேன், எனக்கு ஷீட்டு மேட்டு எல்லாம் சேத்து கூடின எடை ரெண்டு பெட்டி தக்காளி, அதுவும் 14 கிலோ பெட்டி.

ரெண்டு எடத்துல தப்பு பண்ணினேன், அதையும் சொல்லிடறேன். கதவுக்குள்ள ஒட்டும்போது ஆர்வத்துல அடியில இருந்த சின்னச் சின்ன ஓட்டையையும் சேத்து அடைச்சுட்டேன், ஓட்டையை அடைன்னு இத்தனை நேரம் சொன்னவன் நான்தான், ஆனா அந்த ஓட்டை தண்ணி வடியறதுக்கு. ஐப்பசி மழையில கண்ணாடி வழியா எறங்கின தண்ணி கதவுக்குள்ள கொளம் மாதிரி நின்னு, பிரேக் போட்டா சளக்குனு சத்தம், ஒரு மாசத்துல அடித் தகரம் துரு. கதவு அடி ஓட்டையைத் தொடாதீங்க. ரெண்டாவது, தரை மேட்டு கனமா போட்டதுல ஆக்சிலேட்டர் பெடல் அடியில மேட்டு முட்டி, ஒரு தடவை கால் எடுத்தும் பெடல் ஏறி வரல, நல்ல வேளை வீட்டு வாசல்ல. பெடல் மூணையும் கையால முழுசா அமுக்கி விட்டுப் பாக்காம வண்டியை எடுக்கவே கூடாது. சைலன்சர் போற பக்கம், சூடு எறங்கற எடத்துல பஞ்சு, தேங்கா நார், தெர்மாகோல்னு எதையும் திணிக்காதீங்க, தீப்பிடிக்கும்.

போன்ல ஒரு ஆப் வச்சு அளந்தேன், அது சரியான மீட்டர் இல்லன்னு தெரியும், ஆனா ஒரே போன், ஒரே ரோடு, ஒரே அறுபது வேகம்னா வித்தியாசமாவது நெசமா இருக்கும்ல. கண்ணாடி ஏத்தி ஆரம்பத்துல 84 காட்டுச்சு. ஓட்டையும் பீடிங்கும் மவுண்டிங்கும் முடிஞ்சப்ப 79. ஷீட்டு மேட்டு கூரை எல்லாம் முடிஞ்சப்ப 76. அதாவது 3,500 ரூவா செலவுல அஞ்சு கொறைஞ்சுது, அடுத்த 6,000 ரூவாயில மூணு கொறைஞ்சுது. இதைத்தான் உங்க கட்டுரை எழுதினவர்கிட்ட சொல்ல ஆசைப்பட்டேன், வரிசையைத் தலைகீழா எழுதிட்டார்.

இன்னொண்ணு இருக்கு, அதை மட்டும் எனக்கு சரி பண்ண வழி தெரியல. இந்த 76 எல்லாம் கண்ணாடி ஏத்தி இருக்கும்போது. வைகாசியில மத்தியானம் உடுமலை ரோட்டுல ஏசி இல்லாத கேபின்ல கண்ணாடியை ஏத்திட்டு ஓட்டிப் பாருங்க, அவியற இட்லி மாதிரி ஆயிடுவோம். கண்ணாடியை எறக்கினா காத்துச் சத்தமும் எதிர்ல வர்ற பஸ் ஹாரனும் சேந்து மறுபடி 85-ஐத் தொடுது, ஒட்டினது எல்லாம் வீண். நான் இப்ப முன்னாடி கண்ணாடி ரெண்டையும் நாலு விரக்கட்டை மட்டும் எறக்கி வச்சு பின் கண்ணாடியைத் தொறந்து விட்டு ஓட்டறேன், கொஞ்சம் பரவால்ல. எங்க ஆளுங்க நெறைய பேர் இதுக்கு ஹெட்போன் மாட்டிக்கிட்டு சத்தத்து மேல பாட்டை வச்சு அமுக்கறாங்க, ரெண்டு அடியையும் ஒரே காது வாங்குது, 108 பின்னாடி வந்தாலும் கேக்கறதில்ல.

2025 அக்டோபர் 1-லேர்ந்து தயாராகற லாரிகளுக்கு டிரைவர் கேபின்ல ஏசி கட்டாயம்னு மத்திய அரசு விதி போட்டிருக்கு, ரொம்ப நல்ல விசயம், நான் மனசார வரவேற்கறேன். ஆனா அது N2, N3ன்னு சொல்ற வகைக்குத்தான், அதாவது மொத்த எடை 3.5 டன்னுக்கு மேல போற வண்டிக்கு. பிக்கப்பும் குட்டியானையும் அதுக்குக் கீழ, N1 வகை. எங்க சூரியன் வேறயாங்க? லாரிக்காரருக்கு அடிக்கற அதே வெயிலுதான் எங்களுக்கும், அதே ரோடு, அதே மணி நேரம், சில நாள் அவங்களை விட அதிகம். கண்ணாடியை ஏத்த முடிஞ்சாத்தான் காது பொழைக்கும், ஏசி இருந்தாத்தான் கண்ணாடியை ஏத்த முடியும், இதுல சொகுசுங்கற பேச்சே இல்ல. உங்க வாகனப் பக்கத்துல இதை ஒருதடவை எழுதுங்க. காருக்கு அம்பது வாரம் எழுதறீங்க, லோடு வண்டிக்கு ரெண்டு வாரம் குடுங்க, படிக்க நாங்க இருக்கோம், லோடு ஏத்தற நேரம் பூரா எங்களுக்கு வேற வேலை என்ன.

கடைசியா ஒரு வேடிக்கை. வண்டி அமைதியானதுக்கு அப்புறம் போன வாரம் பழனி தாண்டும்போது பின்னாடி இடது சக்கரத்துலேர்ந்து ஊஊஊன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு, அம்பதுல ஆரம்பிக்குது, வேகம் ஏற ஏற கூட ஏறுது. மெக்கானிக் அண்ணன் வீலைத் தூக்கி கையால சுத்திப் பாத்துட்டு, பேரிங் போயிருக்கு, இது இன்னைக்கு நேத்து போனது இல்ல, ஆறு மாசமாவே கத்திக்கிட்டு இருந்திருக்கும், உனக்குக் கேட்டிருக்காதுன்னார். நாளைக்கு வண்டியை விடறேன், 1,800 ஆகும்னு சொல்லியிருக்கார்.

இப்படிக்கு,
ஒரு பிக்கப் டிரைவர்,
ஒட்டன்சத்திரம்.